சேர்ந்து பார்க்காத வீடு

அன்று காலை அந்த மாடி வீட்டுக்குள் இருந்தவர்கள் இவர்கள்: ராத்திரி முழுக்க பேக்கரி அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டு, தலைமுடியில் மாவோடு நேரே வந்திருந்த புருஷன், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கியிருந்த அவன் மனைவி, படியேறி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிய அவளுடைய நாத்தனார், வீட்டை விற்கிற, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், இந்த நாலு பேரையும் இத்தனை நாள் ஒரே இடத்தில் சேரவிடாமல் பார்த்துக்கொண்ட வீட்டுத் தரகன். எல்லாரும் வந்துவிட்டார்கள். ஜன்னல்தான் வரவில்லை.

"ஜன்னல் எங்கே?" என்று மனைவி கேட்டாள்.

அவள் உள்ளறைக்குள் போனாள். சுவர். சமையலறைக்குள் போனாள். புகைபோக்கி அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். திரும்பி முன்னறைக்கு வந்து நாலு பக்கமும் பார்த்தாள்.

"இது அந்த வீடு இல்லை."

"இதுதான்" என்றான் புருஷன். "நான் பார்த்தேனே."

"நீங்க பார்த்தது இதுவா இருக்கும். நான் பார்த்தது இது இல்லை."

தரகனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். "இதோ, ஒரே நிமிஷம். வந்துட்டேன்" என்று வாசலுக்குப் போனான்.

அவனுக்கு நாத்தனார் வைத்த பெயரே 'இதோவந்துட்டேன்'. முதல் வாரத்திலேயே வைத்துவிட்டாள். காலையில் கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்பான், மத்தியானம் வருவான். மத்தியானம் கூப்பிட்டால் வரவே மாட்டான். வந்தாலும், கொஞ்சம் கஷ்டமான கேள்வியாகக் கேட்டால் அவன் போன் அடிக்கும். பட்டா யார் பேரில் இருக்கு என்று கேட்டால் அடிக்கும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்டால் அடிக்கும். "அது போன் இல்லடா தம்பி, அவனுக்கு வேர்க்கிறப்ப வர்ற சத்தம்" என்பாள் நாத்தனார்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. எந்த வீட்டைக் காட்டினாலும் பின்னாலேயே இன்னொரு பார்ட்டியை வரச்சொல்லியிருப்பான். இவர்கள் சமையலறையில் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வேறு யாராவது செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். "பாருங்க, கியூ நிக்குது. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவங்க பால் காய்ச்சிடுவாங்க" என்பான். மாடிப்படிக்கு அடியில் ஒரு வீடு காட்டினான், நிமிர்ந்து நின்றால் தலை இடித்தது. கக்கூஸ் கதவைத் திறந்தால் அடுப்பில் முட்டுகிற வீடு ஒன்று காட்டினான். "அதுக்கென்ன, சமைக்கிறப்ப யாரும் போகாதீங்க" என்றான். அந்த வீட்டுக்கும் கியூ நின்றது.

வேறு தரகனைப் பார்த்திருக்கலாம். பார்த்தார்கள். அவன் இவனுடைய மச்சான். அவன் காட்டியதும் அதே வீடுகள்தான்.

சும்மா இருந்துவிடவும் முடியாது. இருக்கிற வாடகை வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்; வீட்டுக்காரரின் மகள் குடும்பத்தோடு வருகிறாள். அது போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய வீடுதான். பின்சுவர் வருஷம் முழுக்க ஈரம். அந்தச் சுவரை ஒட்டித்தான் நாத்தனாரின் கட்டில். நூல் ஆலையில் பாதி வயசைக் கழித்தவள் அவள். அங்கே சம்பளத்தோடு சேர்த்துப் பஞ்சையும் கொடுத்தார்கள்; சம்பளம் செலவாகிவிட்டது, பஞ்சு நெஞ்சிலேயே தங்கிவிட்டது. "மருந்து நான் எழுதித் தரேன். ஆனா ஈரத்துல படுக்க வெச்சா மருந்து என்ன செய்யும்? காத்தும் வெயிலும் வர்ற அறையா பாருங்க" என்று டாக்டர் சொன்னார். அவர் எழுதிய மருந்துக்கு ஆஸ்பத்திரியில் சலுகை உண்டு. அவர் வாயால் சொன்னதற்குத்தான் எங்கேயும் சலுகை கிடைக்கவில்லை.

அதனால்தான் வாடகை வேண்டாம், சின்னதாக இருந்தாலும் சொந்தமாக ஒன்று என்று முடிவு செய்தார்கள். இருந்த நகை, வேலை செய்கிற இடத்துக் கடன், புருஷனின் சீட்டு, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார்கள்.

தரகன் முதலில் மனைவியை மட்டும் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனது ஒரு விடுமுறை நாள் காலையில். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக மாடி வீடுகள். ஒரே படி, ஒரே கதவு, ஒரே பழுப்புச் சாயம். கடைசி வீட்டுப் படியில் ஏறிக் கதவைத் திறந்தான். உள்ளறையில் பெரிய ஜன்னல். வெயில் தரை முழுக்கக் கிடந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே காலி மனை. காற்று முகத்தில் அடித்தது. சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆவியில் வேகிறவளுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. 'அண்ணி கட்டில் இங்கே' என்று அந்த இடத்திலேயே மனசுக்குள் போட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் புருஷனைக் கூட்டிப்போனான். மத்தியானம். ராத்திரி வேலைக்காரனுக்கு மத்தியானம் என்பது நடுச்சாமம். பாதித் தூக்கத்தில் எழுந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். போன இடத்தில் ஒயரில் ஒரு விளக்கு தொங்கி எரிந்தது. சுவர் புதுச் சாயம். சமையலறைக்கு மேலே நல்ல அகலமாகப் பரண். சாமான் எல்லாம் ஏற்றிவிடலாம். 'பரவாயில்லை' என்று நினைத்தான். படுக்க இடம் எதுவானாலும் அவனுக்குப் பரவாயில்லை.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பேசிக்கொள்கிற நேரம், அவன் ஷூவைக் கழற்றுகிற நேரமும் அவள் பின்னலைச் சுற்றிக் கொண்டை ஊசி குத்துகிற நேரமும்தான். காலையில் அவன் உள்ளே வருவான், அவள் வெளியே போவாள். சாயங்காலம் அவள் உள்ளே வருவாள், அவன் வெளியே போவான். கல்யாணம் ஆன புதிதில் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது அப்படித்தான் குடும்பம்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"ம். வாங்கிடலாம்."

"அண்ணி கட்டிலை உள்ளறையில ஜன்னல் ஓரமா போடணும்."

"உள்ளறையில ஏது ஜன்னல்?"

"கண்ணைத் திறந்து பார்த்தீங்களா, இல்ல நின்னுக்கிட்டே தூங்கினீங்களா? இத்தாம் பெரிய ஜன்னல்!"

அவன் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே யோசித்தான். இருந்திருக்கும். அவள் சொன்னால் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் அவன் ஒருதடவை உப்பு போடாமலே ஒரு அடுப்பு ரொட்டியைச் சுட்டுத் தள்ளியவன். "இருக்கும். நான் கவனிக்கல" என்றான்.

இன்னொரு நாள் அவன் கேட்டான்: "பெரிய அண்டாவைப் பரண்ல ஏத்திடலாம்ல?"

"எந்தப் பரண்?"

"சமையக்கட்டு மேல. நல்ல அகலம்."

அவள் ஊசியைப் பல்லில் கடித்தபடி நினைத்துப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்த சந்தோஷத்தில் மேலே பார்க்கவில்லை போல. "சரி, ஏத்திடலாம்" என்றாள்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, இரண்டு பேருமாக ஒரு வீட்டைக் கட்டிமுடித்தார்கள். ஜன்னல் அவளுடையது, பரண் அவனுடையது. பேக்கரியில் மாவு பிசைகிறவர்களிடம் அவனே அந்த ஜன்னலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான். சலவைக்கூடத்தில் அவள் பரணைப் பற்றிச் சொன்னாள். தரகன் கையில் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. நாத்தனாருக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. "ஒருத்தன் கண்ணு ஒரு வீட்டைப் பார்க்குது, ஒருத்தி கண்ணு ஒரு வீட்டைப் பார்க்குது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒருதடவை பாருங்களேன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு எங்கண்ணி கிடைக்குது?"

நாத்தனார் தரகனிடமும் கேட்டாள். "சேர்ந்தே வாங்கக்கா, அதுதான் நல்லது" என்றான். ஆனால் அவர்கள் சேர்ந்து வரக்கூடிய நாளில் எல்லாம் சாவி யாரிடமாவது இருந்தது. வீட்டை விற்கிறவரையாவது பார்க்கலாமா என்றால், "அவர் ஒரு மாதிரி. மூக்குக்கு மேல கோபம். நான் பேசிக்கிறேன்" என்பான்.

கையெழுத்துப் போடுகிற நாளும் வந்தது. பத்திரம் எழுதுகிறவரின் அறை அந்த வீட்டுக்கு அடுத்த தெருவில். எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு நாத்தனார் சொன்னாள்: "நான் படுக்கப்போற இடத்தை நான் பார்க்காம இவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க."

"போட்டுட்டுப் பார்க்கலாம்மா. நேரம் ஆகுது" என்றான் தரகன்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒல்லியான மனுஷன் எழுந்தார். "அதுக்கென்ன? இங்கதானே இருக்கு. வாங்க" என்று முன்னால் நடந்தார். அவர்தான் டிரைவர். மூக்குக்கு மேல் அவருக்குக் கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

வரிசை வீடுகளில் நடுவில் இருந்த ஒரு படியில் அவர் ஏறினார். மனைவி அவரைத் தாண்டிக் கடைசி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

இப்போது தரகன் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். சிரித்த முகம்.

"என்னக்கா, என்ன பிரச்சினை?"

"நீ எனக்குக் காட்டினது கடைசி வீடு."

"ஆமா."

ஒரு கூச்சமும் இல்லாமல் ஆமா என்றான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஆமாவா?"

"அது வேற பார்ட்டி முடிச்சுட்டாங்கக்கா. நீங்க அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்திருந்தா உங்களுக்குத்தான். அதான் சாரை இங்க கூட்டிட்டு வந்தேன். ஒரே மேஸ்திரி, ஒரே பிளான், ஒரே அளவு. டேப் வெச்சு வேணா அளந்து பாருங்க."

"என்கிட்ட சொன்னியா?"

"சார்கிட்ட காட்டினேனே. சார் ஓகேன்னாரு. வீட்டுல பேசிக்க மாட்டீங்களா நீங்க?"

புருஷன் தரையைப் பார்த்தான்.

"பேசிக்கிட்டாங்கடா" என்றாள் நாத்தனார். "அதுதான் வினையே. பேசாம இருந்திருந்தா ஆளுக்கு ஒரு வீடாவது மிஞ்சியிருக்கும்." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நின்றதும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏம்மா, இங்க வா. தொட்டுப் பாரு."

அவள் தொட்டாள். சாயத்துக்கு அடியில் சுவர் ஜில்லென்று இருந்தது. விரலால் அமுக்கினால் சாயம் தோல் மாதிரி நழுவியது. நாள் முழுக்க ஈரத் துணியிலேயே புழங்குகிற கை அது.

"இது நேத்து இன்னிக்கு வந்த ஈரம் இல்லை" என்றாள்.

"இல்லம்மா" என்றார் டிரைவர். "பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ள ஒழுகுது. அவன் உடைக்க விட மாட்டேங்கறான். நான் இவன்கிட்ட முதல்லயே சொன்னேனே, வர்றவங்ககிட்ட சொல்லிடுன்னு. அதுக்குத்தானே விலையைக் குறைச்சேன்."

"குறைச்சீங்களா?" புருஷன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

தரகனின் போன் அடித்தது. "இதோ" என்று திரும்பினான்.

"போயிட்டு வா, போயிட்டு வா" என்றாள் நாத்தனார்.

அவன் வாசலில் நின்று யாரிடமோ "வாங்க வாங்க, இங்கதான் இருக்கேன்" என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், டிரைவர் தான் கேட்ட விலையைச் சொன்னார். புருஷன், தங்களிடம் தரகன் சொன்ன விலையைச் சொன்னான். இரண்டுக்கும் நடுவில் நல்ல அகலமாக ஒரு பரண் அளவுக்கு இடம் இருந்தது. தாங்கள் கொடுத்த அட்வான்ஸ் பற்றிக் கேட்டதும் டிரைவர் கையை விரித்தார். "என் கைக்கு ஒரு பைசா வரலை. நீங்க ஒரு மாதிரி ஆளுங்க, கையெழுத்தன்னைக்கு முன்னாடி காசைக் கண்ணுல காட்ட மாட்டீங்கன்னு சொன்னான்."

"நாங்களா ஒரு மாதிரி?" என்றாள் அவள். "உங்களைத்தான் ஒரு மாதிரின்னான்."

தரகன் உள்ளே வந்தபோது நாலு முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

"எங்க அட்வான்ஸைக் குடு" என்றாள் அவள்.

"அட்வான்ஸ் திருப்பற வழக்கம் இல்லக்கா. நீங்களா வேண்டாங்கறீங்க. நான் என்ன பண்ண முடியும்?"

"பொய் சொல்ற வழக்கம் மட்டும் இருக்கா?"

"வார்த்தையை அளந்து பேசுங்க. நான் அலைஞ்ச அலைச்சலுக்கு யார் பதில் சொல்லுவாங்க? பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க. உங்க வீடுதானே விக்கணும்?"

டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரேக் சரியில்லாத வண்டின்னா அதைச் சொல்லிட்டுத்தான் அடுத்த டிரைவர்கிட்ட குடுப்போம். நீ என்னை என்ன ஆளாக்கிட்டே?"

கூச்சல் ஏறியது. அவள் கத்தினாள். தரகன் கத்தினான். நாத்தனார் கத்த முடியாமல் இருமினாள். இந்த அமளியில் புருஷன் மட்டும் ஒன்றும் சொல்லாமல், சுவரோரம் போய்ச் சறுக்கி உட்கார்ந்தான். காலை நீட்டினான்.

"என்னங்க, உட்கார்ந்துட்டீங்க?"

"காசு வர்ற வரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்லை" என்றான் மெதுவாக. "ராத்திரிப் பூரா நின்னிருக்கேன். எனக்கு இங்க படுத்தாலும் ஒண்ணுதான், அங்க படுத்தாலும் ஒண்ணுதான்."

"சார், இது நல்லா இல்ல. வெளிய வாங்க. வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டா..."

"நான் ஏன் கூப்பிடணும்?" என்றார் டிரைவர். "உட்காரட்டும். என் வீடு."

புருஷனின் தலை சுவரில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. வீம்புக்காகக் கண்ணை மூடுகிறான் என்றுதான் தரகன் நினைத்திருப்பான். அவளுக்குத் தெரியும், நிஜமாகவே தூங்கிவிட்டான். அவனால் முடிந்த சண்டை அவ்வளவுதான். அவளுக்கு ஆத்திரமாகவும் வந்தது, ஒரு துணியை எடுத்துப் போர்த்திவிடலாம் போலவும் இருந்தது.

கீழே தெருவில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்டது. தரகன் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு முதல் தடவையாகக் காணாமல் போனது. கையெழுத்துப் போடுகிற நாளில்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று, அடுத்த பார்ட்டியை வரச்சொல்லியிருந்தான். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. அந்தப் பெண் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கணவன் கைக்குட்டையால் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தான். வீடு வாங்கப்போகிற சந்தோஷம் அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது.

நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள். "வரட்டும்" என்றாள். "நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். எங்க தம்பி தூங்கற அழகையும் பார்க்கட்டும்." சொல்லிவிட்டு வேண்டுமென்றே ஒரு இருமல் இருமினாள். அது அவள் நினைத்ததைவிட நீண்டு, கண்ணில் நீர் வர வைத்தது.

"அக்கா, அக்கா, மெதுவா. எல்லாம் பேசித் தீர்த்துக்கலாம்." தரகன் தோள்பையைத் திறந்தான். ஒரு நோட்டுக்கட்டை எடுத்தான். அதிலிருந்து கொஞ்சத்தை உருவித் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு மீதியை அவள் கையில் திணித்தான். "என் அலைச்சலுக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டேன். அது நியாயம். பாருங்க, படியில ஏறிடுவாங்க. கிளம்புங்க, தயவுசெஞ்சு கிளம்புங்க."

"உன் அலைச்சலா, எங்க அலைச்சலா?" என்று அவள் கேட்டாள். ஆனால் கட்டைப் பிடித்துக்கொண்டாள். மீதிக்கு நின்று சண்டை போடலாம். போட்டால் அவன் போன் அடிக்கும். அவன் மச்சான் வருவான். அவளுக்கு மத்தியானம் வேலைக்குப் போகவேண்டும். இன்றைக்கு அறுவைச் சிகிச்சை விரிப்புகள் மலைபோலக் கிடக்கும், அவள் போகாவிட்டால் பக்கத்து மேஜைக்காரி தலையில் விழும். கோபப்படுவதற்குக்கூட லீவு வேண்டும்.

புருஷனின் தோளைத் தட்டினாள். "எந்திரிங்க. போலாம்."

"குடுத்துட்டானா?"

"குடுத்த வரைக்கும் குடுத்தான்."

அவன் எழுந்தான். முதுகு முழுக்கச் சட்டை நனைந்து, புதுச் சாயம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. இவ்வளவு நேரம் சாய்ந்திருந்த இடத்தில் சுவர் கறுப்பாகத் தெரிந்தது. நாத்தனார் அவனைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். முந்தானையால் துடைக்கப் போனவள் கையை எடுத்துவிட்டாள். "இருக்கட்டும். எதிர்ல வர்றவங்க பார்க்கட்டும்."

"இந்த வீடு வேண்டாம்தானே?" என்று அவன் பொதுவாகக் கேட்டான். கேட்கத் தேவையில்லாத கேள்வி. மாதக் கடைசி அப்படியே இருந்தது. இருமல் அப்படியே இருந்தது.

"வேண்டாம்" என்றாள் அவள்.

டிரைவர் தரகனிடம் கையை நீட்டினார். "சாவி."

"பெரியவரே, பார்ட்டி வந்துட்டாங்க. ரெண்டு நிமிஷம் காட்டிட்டுத் தரேன். இவங்க குடுக்கறதைவிட நல்ல விலைக்கு..."

"எந்த விலைக்கு? எனக்குச் சொல்ற விலைக்கா, அவங்களுக்குச் சொல்ற விலைக்கா? சாவியைக் குடு. முதல்ல குழாயை அடைச்சுட்டு அப்புறம் விக்கறேன். வித்தா விக்கறேன், இல்லாட்டி போறேன்."

தரகன் சாவியைக் கொடுத்தான். கொடுத்த கை காற்றிலேயே நின்றது. படியில் குழந்தையின் சிணுங்கல் கேட்டது. "சார், எந்தக் கதவு?" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

நாத்தனார் முதலில் வெளியே வந்தாள், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி. அவள் பின்னால் மனைவி. தரகன் அவர்களைத் தள்ளாத குறையாகத் தாண்டி, "இதோ வந்துட்டேன்!" என்று படியில் இறங்கினான். கடைசியாக, ஈரச் சட்டையோடு புருஷன் வாசற்படியைத் தாண்டினான். அவன் முதுகுக்குப் பின்னால் டிரைவர் கதவை இழுத்துச் சாத்தினார். ஈரத்தில் உப்பிப்போன கதவு பாதியில் சிக்கியது. முழங்காலால் ஒரு இடி இடித்து மூடி, பூட்டைப் போட்டு, சாவியைத் திருப்பினார்.